பதினொன்றாம் பட்டை

அமாவாசைக்கு மறுநாள்.
வாலிநோக்கம் உப்பளத்தில் மூன்றாம் பாத்தி வரப்பு.
மூங்கில் கழி இரண்டு,
நடுவே இல்லாததுபோல் ஒரு வலை.
ஒரு மணிக்குக் கடல் ஏறும்.
சேற்றுத்திட்டு மூழ்க மூழ்க
உப்புக்கொத்திகள் உள்ளே வரும்.
வந்தன.

களஞ்சியம் நெற்றிவிளக்கைச் சிவப்புக்கு மாற்றி
வலைமடிப்பிலிருந்து ஒன்றை எடுத்தான்.
கழுத்து இரு விரலிடையே, உடல் உள்ளங்கையில்.
பகலில் இதே கையால் உப்பு வாருகிறவன்.
விரல் வெடிப்பில் சிக்கிய பூம்பஞ்சு
ஊதினாலும் போகவில்லை.

துணிப்பையோடு அறுபத்தெட்டு கிராம்.
பை எட்டு.
மிச்சம் ஒரு கோழிமுட்டை.
காலில் ஏற்கெனவே வளையம்,
பதினொரு நாள் முன்பு இதே வரப்பில்
நான் பூட்டியது.

இறக்கையை விரித்தேன்.
பறப்பிறகு பத்து.
பழசுக்குச் சுழியம், முளைக்கு ஒன்று,
முழுசாய் வளர்ந்ததற்கு ஐந்து.
நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்:
ஐந்து ஐந்து ஐந்து ஐந்து ஐந்து
நான்கு
இரண்டு
அப்புறம் மூன்று சுழியம்.

"எங்க மச்சான் வள்ளத்துல ஒரு பலகை மாத்தணும்னா
கரையேத்திக் கவுத்திப் போட்டுருவாக.
இது ஓடிக்கிட்டே மாத்துதே!"

ஆமாம். இடமும் வலமும் ஒரே கணக்கில்,
ஒன்று உதிர்ந்து அரையாய் முளைத்தபின் அடுத்தது.
இங்கே நண்டும் புழுவும் தின்று முளைத்த இதே இறகோடு
சித்திரையில் இமயத்தைத் தாண்டியாக வேண்டும்.

விளக்கைச் சாய்த்தால் இறகில் வரி தெரியும்.
கறுப்பாய் ஒன்று, வெளிறி ஒன்று,
இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள்.
ஆறாவது இறகை
அடியிலிருந்து மேலே எண்ணினேன்.
நேற்று.
முந்தாநாள்.
செவ்வாய் ராத்திரி வாடை அடித்ததே, அது.
பட்டை பட்டையாய்
நன்றாகத் தின்று நன்றாக வளர்ந்த நாட்கள்.
பதினொன்றில் ஊசிமுனை நின்றது.

குறுக்கே கண்ணாடிபோல் ஒரு கோடு.
அந்த இடத்தில் மட்டும்
இழைக்கு இழை பூட்டிக்கொள்ளக் கொக்கி இல்லை.
பசிக்கோடு என்போம்.
இரை கிட்டாத நாள், வல்லூறு துரத்திய நாள்
இப்படி விழும்.
இறகு ஒடிந்தால் இங்கேதான் ஒடியும்.

இது எந்த நாள் என்று தாளைப் புரட்டினேன்.
ஒன்று நாற்பதுக்கு வலையில்.
ஒன்று ஐம்பத்தெட்டுக்கு விட்டாயிற்று.
பதினெட்டு நிமிடம்.

களஞ்சியம் குனிந்து பார்த்தான்.
பிறகு தன் கட்டைவிரலை வெளிச்சத்துக்குள் நீட்டினான்.
நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம்.
"ஆவணியில டைபாய்டு வந்து
ராம்நாடு ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல, அதா?"
அதுதான்.
நகமும் இறகும் ஒரே சரக்கு.
"அப்ப என்னைய யாரு புடிச்சு எடை போட்டது?"
அவன் சிரித்தான்.
நான் ரப்பர் தேடினேன்.

குறிப்பு என்ற கட்டம் இரண்டு விரல் அகலம்.
'ஆறாம் இறகு. பதினொன்றாம் பட்டை. கோடு.
காரணம்: தெரியவில்லை' என்று எழுதி
அழித்து
'காரணம்: பிடித்தது' என்று எழுதினேன்.
எழுதியபின் அந்தச் சொல்
தாளில் ஒழுங்காக உட்காரவில்லை.

மணி பார்த்தேன்.
இன்றைக்கும் பதினான்கு நிமிடம் ஆகிவிட்டது.
ஏழாவது இறகின் வேரில்
இப்போதே எங்கோ ஒரு நூல் இளைத்துக்கொண்டிருக்கும்.

கையைத் திறந்தேன்.
உடனே போகவில்லை.
உள்ளங்கையில் கால் பதித்து நின்றது,
சூடாக, வழி கேட்காமல்.
பிறகு எடை இல்லை.

அரையிறகு குறைந்த இறக்கை காற்றில் என்ன ஒலி தரும் என்று
ஒரு கணம் காது கொடுத்தேன்.
பாத்தியில் உப்பு வெடிக்கும் சத்தம் மட்டும்.

"மழை விழுந்தா அளத்தை மூடிருவாக.
பெறகு மூணு மாசம்
ஒங்க வலைக்கூலிதேன்"
என்றபடி அடுத்த பையின் சுருக்கை அவிழ்த்தான்.
வலையில் இன்னும் ஏழு.